தோன்றா எழுவாய்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் வீட்டிற் பேசும்போது பெரும்பாலும் எடுத்தாளாத வினைச்சொற்கள் சில உண்டு. 'அலெஜ்' என்பது அவற்றுள் ஒன்று. தம்பி தன் பேனையை எடுத்துவிட்டான் எனத் தாயிடம் முறையிடும் சிறுமி, அவன் எடுத்ததாகத் தான் 'அலெஜ்' செய்வதாகச் சொல்வதில்லை. அவன் எடுத்தான் என்றே சொல்வாள். அயல்வீட்டாரைப் பற்றிப் புறங்கூறுவோருக்கும் இச்சொல் வேண்டியிருப்பதில்லை. நீதிமன்றத்திலும் பத்திரிகையிலுமே அது வாழ்கின்றது. நீதிமன்றத்தில் அது வாழ்வதற்கான காரணம் வெளிப்படை. பத்திரிகையில் அது எவ்வாறு வாழ்கின்றது, அங்கு அதற்கு நேர்ந்தது யாது என்பனவே ஈண்டு நோக்கத்தக்கவை.

இச்சொல்லைத் தமிழில் ஒரு சொல்லாற் பெயர்ப்பது எளிதன்று. இன்னும் நிறுவப்படாத ஒன்றை நடந்ததென ஒருவர் உறுதிபடக் கூறுதல் என்று அதன் பொருளை விரிக்கலாம். கூறுபவரின் உறுதியும் கூறப்படும் பொருளின் நிறுவப்படாமையும் ஒருங்கே அதனுள் அடங்கியுள்ளன. 'குற்றஞ்சாட்டுதல்' என்று அதனைப் பெயர்ப்போர் உளர். ஆயினும் குற்றஞ்சாட்டுதல் ஓர் ஆளை நோக்கியது; 'அலெஜ்' ஒரு செயலை, ஒரு நிகழ்ச்சியை நோக்கியது. பழைய ஆங்கில உரைநடை ஆசான்கள் இவ்வேறுபாட்டைக் கண்டிப்புடன் பேணினர். களவை 'அலெஜ்' செய்யலாம், கள்வனை 'அலெஜ்' செய்ய முடியாது என்பது அவர்கள் வாதம். பத்திரிகைகள் அக்கண்டிப்பைப் பொருட்படுத்தவில்லை. 'அலெஜ்ட் கள்வன்' இன்று எவருக்கும் வியப்பூட்டாத தொடர்.

இச்சொல்லின் வரலாறு சுவையானது. நோர்மன் ஆட்சியின் பின் இங்கிலாந்தின் நீதிமன்றங்களிற் பிரெஞ்சு மொழி வழங்கிற்று; சட்டத்துறைச் சொற்கள் பல அவ்வழியே ஆங்கிலத்துட் புகுந்தன. இதுவும் அவ்வாறு வந்தது. வடிவம், வழக்கிலிருந்து விடுவித்தல் என்னும் பொருளுடைய ஒரு சொல்லிலிருந்தும், பொருள், சான்றாக முன்வைத்தல் என்னும் கருத்துடைய 'அலெகாரே' என்ற இலத்தீன் சொல்லிலிருந்தும் வந்து ஒன்றாயின என்பது சொற்பிறப்பியலார் முடிவு. அக்காலத்தில், மன்றின் முன் நின்று சத்தியத்தின் பேரில் ஒன்றைக் கூறுதல், சான்றை முன்வைத்தல் என்பனவே அதன் பொருள். இன்றோ சான்று இன்னும் வைக்கப்படாத கூற்றைக் குறிக்கவே அது பயன்படுகின்றது. சான்றோடு தோன்றிய சொல் சான்றின்மைக்கு அடையாளமாயிற்று. சொற்பொருள் மாற்றம் பற்றிப் பயிலும் மாணவர்க்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. எனினும் பொருள் மாறிய நெடுங்காலத்திலும் ஒன்று மட்டும் மாறாதிருந்தது. மன்றின் முன் நிற்பவர் ஒருவர் இருந்தார். 'அலெஜ்' என்ற வினைக்கு ஓர் எழுவாய் இருந்தது.

பத்திரிகையில் அந்த எழுவாய் படிப்படியாக மறைந்தது. வினையாக நிற்கும்போது, அரச சட்டத்தரணி இன்னவாறு 'அலெஜ்' செய்தார் என எழுத வேண்டியுள்ளது. கூறியவர் யாரென்பது வாக்கியத்தின் முதலிலேயே நிற்கின்றது. செயப்பாட்டுவினையாக மாறியதும் கூறியவர் விருப்பத்துக்குரிய ஓர் உறுப்பாகின்றார், எழுதலாம், விடலாம். பெயரடையாகும்போது அவருக்கு இடமே இல்லை. 'அலெஜ்ட்லி' என வினையடையாகும்போது, வாக்கியத்தின் எந்த மூலையிலும் தூவிவிடக்கூடிய உப்பாகின்றது அச்சொல். அவசரத்தில் எழுதும் நிருபர் அதனை எங்கெங்கோ தூவுகின்றார். களவெடுத்ததாகக் கூறப்படும் குற்றத்துக்காக ஒருவர் கைதுசெய்யப்பட்டார் என எழுத வேண்டிய இடத்தில், ஒருவர் கைதுசெய்யப்பட்டதாகக் கூறப்படுகிறது என்றாகிவிடுகின்றது. கைது நடந்ததில் எவருக்கும் ஐயமில்லை. ஐயம் களவைப் பற்றியதே.

அமெரிக்காவின் அசோசியேற்றட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் நிருபர்களுக்கென வெளியிடும் நடைக்கையேடு இச்சொல்லுக்கென ஒரு பதிவை ஒதுக்கி, மிகுந்த அவதானத்துடன் இதனைக் கையாளுமாறு பணிக்கின்றது. அதன் அறிவுரைகளுட் தலையாயது, கூற்றின் மூலம் யாதென்பதைச் செய்தியில் எங்கேனும் குறிப்பிட வேண்டும் என்பது. கைதுப் பதிவோ, குற்றப்பத்திரமோ, வழக்கோடு தொடர்புடைய அதிகாரியின் கூற்றோ அம்மூலமாகலாம். நடந்ததென அறியப்பட்ட நிகழ்ச்சியை 'அலெஜ்ட்' என்ற அடையினால் ஐயத்துக்குள்ளாக்கல் ஆகாது என்பது மற்றொன்று. கூட்டம் நடந்தது உண்மையாக இருக்க, அதில் இன்னார் கலந்துகொண்டாரா என்பது மட்டுமே கேள்வியாயின், அடை கலந்துகொண்டமைக்கே உரியது, கூட்டத்துக்கன்று. இலக்கண நுட்பம் போலத் தோன்றும் இது உண்மையில் நேர்மை பற்றிய நுட்பமாகும். இதன் பாரதூரத்தைப் பின்னர் காணலாம்.

நிருபர்கள் இச்சொல்லை இத்துணை விரும்புவதற்குக் காரணம், அது தம்மை மானநட்ட வழக்கிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கை. அந்நம்பிக்கைக்குச் சட்டத்தில் அடிப்படை மிகக் குறைவு. இங்கிலாந்தின் பொதுச்சட்டத்தில், ஒருவர் மீதான அவதூறை மீளக் கூறுபவரும் அதனை முதலிற் கூறியவரைப் போன்றே பொறுப்பாளியாவர். 1958இல் இரு இலண்டன் பத்திரிகைகள், ஒரு கம்பனியின் அலுவல்களை மோசடித் தடுப்புப் பிரிவினர் விசாரித்து வருகின்றனர் எனச் செய்தி வெளியிட்டன. லூயிஸ் எதிர் டெய்லி ரெலிகிராப் எனப் பெயர்பெற்ற அவ்வழக்கு 1963இற் பிரபுக்கள் சபையில் முடிவாயிற்று. விசாரணை நடைபெறுகிறது என்பதைக் கொண்டு குற்றம் நிகழ்ந்துவிட்டது எனச் சாதாரண வாசகன் கருதமாட்டான் என அங்கு தீர்மானிக்கப்பட்டது. அதேவேளை, 'எனக்குச் சொன்னார்கள்', 'வதந்தி உலாவுகின்றது' என்ற முன்னொட்டுகளின் பின்னால் ஒளிந்துகொண்டு அவதூறு கூறி எவரும் தப்ப முடியாது என்பதையும் டெவ்லின் பிரபு தம் தீர்ப்பில் வலியுறுத்தினார். திறந்த மன்றிற் கூறப்பட்டதைச் செம்மையாக வெளியிடும் செய்திக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அப்பாதுகாப்பை அளிப்பது 'அலெஜ்ட்' என்ற அடையன்று. யார், எந்த மன்றில், என்ன கூறினார் என்ற விவரமே அதனை அளிக்கின்றது. இலண்டனில் 1961 முதல் வெளிவரும் அங்கத ஏடான 'பிரைவேற் ஐ'யும், 1990இல் ஆரம்பமான பி.பி.சி. நகைச்சுவை நிகழ்ச்சியொன்றும் 'அலெஜ்ட்லி' என்ற சொல்லை வேண்டுமென்றே வாக்கிய முடிவில் ஒட்டிச் சிரிப்பூட்டி வந்துள்ளன. கேடயம் ஓட்டை என்பதை அறிந்தோரின் சிரிப்பு அது.

இச்சொல் எதனை அளக்கின்றது என்பதை 1963 நவம்பர் மாதத்து டலஸ் நகர நிகழ்ச்சிகளைப் போல் தெளிவாகக் காட்டுவன வேறில்லை. 22ஆந் திகதி ஜனாதிபதி கெனடி சுட்டுக்கொல்லப்பட்டார். அன்றே லீ ஹார்வி ஒஸ்வால்ட் கைதானார். அடுத்த இரு நாட்களும் பொலிஸ் தலைமையகத்தின் நடைக்கூடங்களில் நிருபர்களும் ஒளிப்படக் கருவிகளும் நிறைந்திருந்தன. பொலிஸாரும் மாவட்ட சட்டத்தரணியும் சான்றுகளை ஒவ்வொன்றாகப் பகிரங்கப்படுத்தினர். 24ஆந் திகதி, ஜாக் ரூபி என்பவர் அதே கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் ஒஸ்வால்ட்டைச் சுட்டார். தொலைக்காட்சி அதனை நேரடியாக ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. மறுநாள் நியூயோர்க் டைம்ஸ் தன் முதற்பக்கத் தலைப்பில், ஜனாதிபதியைக் கொன்றவன் சுட்டுக் கொல்லப்பட்டான் என்ற பொருள்பட, எவ்வித அடையுமின்றி எழுதிற்று. எந்த மன்றும் விசாரியாத ஒருவர் ஒரு தலைப்பினால் கொலையாளியாயினார். விசாரிப்பதற்கு அவர் உயிருடனும் இல்லை. வொரன் ஆணைக்குழு 1964இல் ஒஸ்வால்ட் தனித்தே செயற்பட்டார் என முடிவுசெய்தது. ஆயினும் பொலிஸாரும் பத்திரிகையாளரும் சான்றுகளைப் பரப்பிய முறையினால், அவர் உயிரோடிருந்திருப்பின் பக்கஞ்சாரா யூரிமாரைத் தெரிவது அரிதாயிருந்திருக்கும் எனவும் அது கண்டித்தது.

ரூபியின் நிலை இதற்கு நேர்மாறு. அவர் சுட்டதைக் கோடிக்கணக்கானோர் கண்டனர். 1964 மார்ச்சில் அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1966 ஒக்ரோபரில் மேன்முறையீட்டு மன்றம் அத்தீர்ப்பைத் தள்ளி மறுவிசாரணைக்குக் கட்டளையிட்டது. மறுவிசாரணை தொடங்கு முன்னரே 1967 ஜனவரியில் அவர் நோயுற்று இறந்தார். எனவே அவரும், இறந்த வேளையில், குற்றவாளி என்ற தீர்ப்பு எதுவும் இல்லாதவரே. பெரும்பாலோர் கண்ணாற் காணாத கொலையாளிக்கு அடை நீங்கிற்று. எல்லோரும் கண்ட கொலையாளிக்குச் சட்டநோக்கில் அடை இறுதிவரை பொருந்திற்று. பத்திரிகை எவ்வளவு அறியும் என்பதை 'அலெஜ்ட்' அளப்பதில்லை. மன்று எவ்வளவு கூறிற்று என்பதையே அளக்கின்றது. வாசகரோ அதனை அறிவின் அளவுகோலாகவே கொள்கின்றனர். இவ்விடைவெளியிலேதான் தீங்கு விளைகின்றது.

அச்சொல்லே இல்லாமலும் இத்தீங்கு விளையக்கூடும் என்பதற்கு அற்லாந்தா நகரில் 1996இல் நிகழ்ந்தது சான்று. ஒலிம்பிக் பூங்காவில் குண்டு இருந்த பையைக் கண்டுபிடித்து மக்களை அப்புறப்படுத்த உதவிய காவலாளி ரிச்சர்ட் ஜூவெல், மூன்று நாட்களின் பின், சமஷ்டிப் புலனாய்வுப் பிரிவினரின் ஐயத்துக்குரியவராக அந்நகரப் பத்திரிகையில் அறிவிக்கப்பட்டார். செய்தி எம்மூலத்தையும் குறிப்பிடவில்லை. பத்திரிகையே அனைத்தும் அறிந்த குரலிற் பேசிற்று. அவ்வாண்டு ஒக்ரோபரில் அவர் மீதான ஐயம் உத்தியோகபூர்வமாக நீக்கப்பட்டது. உண்மையான குற்றவாளியான எரிக் ருடோல்ப் 2005இற் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஜூவெல் 2007இல் இறந்தார். அப்பத்திரிகை மீது அவர் தொடுத்த வழக்கோ, வெளியான வேளையில் செய்தி சாராம்சத்தில் உண்மையே என்ற காரணத்தால் 2011இல் மேன்முறையீட்டிலும் தோற்றது. ஐயம் இருந்தது உண்மை. ஐயுற்றவர் யார், எதன் பேரில் ஐயுற்றார் என்பவற்றை வாசகர் அறிய வாய்ப்பில்லாதிருந்ததும் உண்மை.

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைக்கு இவ்வாங்கிலச் சொல் அந்நியமானதன்று. 1841இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய 'உதயதாரகை' தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே வெளிவந்த ஏடு. பின்வந்த நாளேடுகளும் வெளிநாட்டுச் செய்திகளை ஆங்கிலச் செய்தி நிறுவனங்களிடமிருந்தே பெருமளவு பெற்றன. ஆகவே இரவு வேளையில் ஆங்கிலத் தாளொன்றை முன்வைத்துத் தமிழாக்கும் உதவியாசிரியர் எவரும் 'அலெஜ்ட்' என்ற சொல்லைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. 'எனக் கூறப்படுகின்றது' என்ற தொடர் அவர்தம் கைக்கு எளிதில் வந்தது. அதனுடன் 'தெரியவருகின்றது', 'நம்பப்படுகின்றது', 'மேலும் தெரியவருவதாவது' என்பனவும் சேர்ந்துகொண்டன. யாருக்குத் தெரியவருகின்றது, யார் நம்புகின்றார் என எவரும் வினவுவதில்லை.

தமிழிலக்கணத்தில் தோன்றா எழுவாய் என ஒன்றுண்டு. 'வந்தேன்' என்றால் 'நான்' என்பது கூறப்படாமலே விளங்கும்; வினைமுற்றின் விகுதி அதனைக் காட்டிவிடும். தொல்காப்பியர் தம் காலத்துக்கு முந்திய புலவரின் கருத்துகளை 'என்ப', 'மொழிப' என எடுத்தாள்வதும் அத்தகையதே. அவற்றின் ஈற்றிலுள்ள பகரம் பலர்பாலை உணர்த்துகின்றது; சொல்பவர் உளர், அவர் புலவர் என்பது மாணாக்கனுக்குத் தெரியும். அங்கு அவ்வினை கூற்றுக்கு வலுச் சேர்ப்பதாகும். 'கூறப்படுகின்றது' என்பதன் விகுதியோ கூற்றினைக் காட்டுகின்றதேயன்றிக் கூறியவரைக் காட்டுவதில்லை. அங்கு எழுவாய் தோன்றாதிருக்கவில்லை, துரத்தப்பட்டிருக்கின்றது. மக்கள் பேச்சில் 'களவெடுத்தானாம்' என்றொரு வழக்குண்டு. 'தான் காணவில்லை, கேட்டதைச் சொல்கிறேன்' என்ற முழு வாக்கியத்தையும் அந்த 'ஆம்' ஓரசையில் அடக்கிவிடும். 'அலெஜ்' என்பதற்குத் தமிழிற் கிடைக்கக்கூடிய மிகச் சிக்கனமான ஈடு அதுவேயெனினும், பாட்டி கதைக்கும் ஊர்வம்புக்கும் உரியதெனக் கருதி எழுத்துத் தமிழ் அதனை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

வாக்கிய அமைப்பாலும் ஓர் இடர் உண்டு. ஆங்கிலத்தில் 'அலெஜ்ட்லி' வினைக்கு முன்னே நின்று வாசகரை எச்சரிக்கின்றது. தமிழில் வினைமுற்று இறுதியில் வருவதால், அதிபர் பாடசாலைப் பணத்தைக் கையாடினார் என்ற செய்தி முழுமையும் மனத்திற் பதிந்த பின்னரே 'எனக் கூறப்படுகின்றது' என்பது வந்து சேர்கின்றது. தலைப்பில் இடம் போதாதபோது முதலில் வெட்டுண்பதும் அவ்வாலே. பெயரெச்சத்தின் நிலை இன்னும் மோசம். 'கொள்ளையிட்ட இருவர் கைது' என்பது இந்நாட்டுத் தமிழ் நாளேடுகளில் அடிக்கடி காணத்தக்க தலைப்புமுறை. கைதைச் செய்தியாகவும் கொள்ளையை முன்னரே முடிந்த உண்மையாகவும் அது தருகின்றது. நீதவான் முன் அவ்விருவரும் நிறுத்தப்படு முன்னரே 'இட்ட' என்ற எச்சம் தீர்ப்பளித்துவிட்டது. செய்தியின் உள்ளே அவர்கள் 'சந்தேகநபர்' என மரியாதையுடன் குறிப்பிடப்படுவர். தலைப்பையும் செய்தியையும் சேர்த்து வாசிப்பின், கொள்ளையிட்டவர் கொள்ளையிட்டாரா என்ற சந்தேகத்தின் பேரில் கைதானார் என்றாகின்றது. எமது சட்டத் தமிழிற் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்ற பெயர் வழங்குவதும் இதனோடு எண்ணத்தக்கது. வழக்கின் எதிர்த்தரப்பு என்ற பொருளில் வந்த அச்சொல்லைச் சாதாரண வாசகர் எப்பொருளிற் கேட்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதுவரை கூறியவை ஐயத்தைக் குறித்துக்காட்டத் தவறுவதால் நேரும் தீங்குகள். குறித்துக்காட்ட வேண்டாத இடத்தில் அதனைக் குறித்துக்காட்டுவதாலும் தீங்குண்டு. நடந்த கூட்டத்தை 'நடந்ததாகக் கூறப்படும் கூட்டம்' ஆக்கலாகாது என்ற விதியின் பாரதூரம் இங்கே புலனாகும். 2011 மார்ச் 31இல் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்திடம் இலங்கைப் போரின் இறுதிக்கட்டம் பற்றிய நிபுணர் குழு தன் அறிக்கையைக் கையளித்தது. அதிற் பெரிதும் பேசப்பட்ட தொடர் 'நம்பகமான குற்றச்சாட்டுகள்' என்பது. 'அலெஜ்' என்ற வினையிலிருந்து பிறந்த 'அலெகேஷன்' என்ற பெயருக்கு 'நம்பகமான' என அக்குழு ஓர் அடை கொடுத்தது. நிகழ்ச்சி நடந்ததென நம்புவதற்கு நியாயமான அடிப்படை உண்டாயின் கூற்று நம்பகமானது என அதற்கு வரைவிலக்கணமும் வகுத்தது. தீர்ப்புக்கும் வதந்திக்கும் இடையே ஒரு படியை அமைக்கும் முயற்சி அது. செய்திகளில் அந்த அடை ஒருபுறம் விழுந்தொழிந்தது. மறுபுறம் குற்றச்சாட்டு என்ற பெயரே விழுந்து அனைத்தும் தீர்ப்பாயிற்று. எப்பத்திரிகை எதனை வெட்டிற்று என்பதைக் கொண்டு அதன் சார்பை ஊகிப்பது கடினமன்று.

காணாமற்போனோர் பற்றிய செய்திகளில் இது இன்னும் கூர்மையடைகின்றது. போதல் தன்வினை. வீதியோரத்தில் ஒளிப்படத்தை ஏந்தியிருக்கும் தாயர் 'போனோர்' என்ற சொல்லை ஏற்பதில்லை. 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பதே அவர்கள் வேண்டும் தொடர். ஆக்குதல் பிறவினை. அதற்குச் செய்தவர் ஒருவர் வேண்டும். அவர் யாரென்பதே அத்தாயரின் வினா. ஆனால் அச்செயப்பாட்டுவினையிலும் ஆக்கியவர் மறைந்தே நிற்கின்றார். அதன் மேல் 'எனக் கூறப்படுவோர்' என்பதும் ஒட்டப்படும்போது, செய்தவரோடு சொன்னவரும் மறைகின்றார். இழப்பு நடந்தது, அதனை எவரும் மறுக்கவில்லை. ஐயம் யார் செய்தார் என்பதைப் பற்றியதே. ஆயினும் 'கூறப்படும்' என்ற அடை இழப்பின் மேலேயே ஒட்டிக்கொள்கின்றது.

2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழுவின் முன்னும், 2013இல் காணாமற்போனோர் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்க நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவின் முன்னும் இப்பெண்கள் நின்று, தம் பிள்ளைகளை எங்கே, எந்நாளில், யாரிடம் கையளித்தனர் எனப் பெயர் சொல்லிக் கூறினர். 'அலெஜ்' என்ற வினையின் பழம்பொருள் அதுவே. அவர் கூற்றை, 'தம் மகனை இன்ன இடத்தில் ஒப்படைத்ததாக இன்ன ஊரைச் சேர்ந்த தாயார் ஆணைக்குழுவின் முன் கூறினார்' என எழுதுவதற்குத் தமிழில் எத்தடையும் இல்லை. நிரூபணத்துக்கு மேலாக ஒரு சொல்லும் அதில் இல்லை. மானநட்டத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை. 'ஒப்படைக்கப்பட்டதாகக் கூறப்படுகின்றது' என்பதைவிட அது ஒரு வரி நீளம். உதவியாசிரியர் அவ்வொரு வரிக்கு இடம் தேடும்போது, பக்கத்தின் அடியிலுள்ள விளம்பரம் அரை அங்குலம் கீழே இறங்க வேண்டியிருக்கலாம்.